வாத்தியார் சொன்ன முட்டை

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற என் கணவர் கோசிமோ, எங்கள் பாரி நகரத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இத்தாலிய வாழ்க்கையைக் கற்றுக்கொடுப்பது என்று முடிவெடுத்தார். அதுவும் என் சமையலறையில்.

"ஞாயித்துக்கிழமை நாலு பேர் வராங்க, நுன்சியா. குட்டிக்காது பாஸ்தா செய்யக் கத்துக்கணுமாம்."

"யார் கத்துக்கொடுக்கிறது?"

"நான்தான். நீ பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவ. உனக்கு நாலு பேர் முன்னால பேச வருமா? வாய் என்னோடது, கை உன்னோடது. சொன்னதைச் செய், போதும்."

எனக்கு எதற்கெடுத்தாலும் கவலை. மேசைவிரிப்பில் கறை இருக்கிறதே என்று கவலை. நாற்காலி ஆடுகிறதே என்று கவலை. ஆனால் அன்று உறுத்தியது வேறு. அது என் பாஸ்தா. அதை என்னுடையது என்று சொல்ல எனக்கே இடமில்லையா?

சரி, சொன்னதை மட்டும் செய்வது என்று முடிவெடுத்தேன்.

ஹாலந்திலிருந்து ஹெண்ட்ரிகா என்ற அம்மாவும் மூன்று தோழிகளும் வந்தார்கள். தட்டுத்தடுமாறி எங்கள் மொழி பேசினார்கள். சாப்பிட்ட பிறகு பால் காப்பி கேட்கக் கூடாது, பாஸ்தாவைக் கத்தியால் வெட்டக் கூடாது என்று கோசிமோ முழங்கினார். நால்வரும் பயந்து தலையாட்டினார்கள்.

பிறகு ரவை மாவைப் பலகையில் குவித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"இப்ப முட்டை!"

ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. "எத்தனை?" என்றேன்.

"அஞ்சு!"

உடைத்து ஊற்றினேன். எதிர் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து பாஸ்தா தேய்த்துக்கொண்டிருந்த மிம்மா அலறினாள்.

"நுன்சியா! காய்ச்சலாடி உனக்கு? இதுல போய் முட்டை போடறே?"

"வாத்தியார் சொன்னாரு, மிம்மா."

"தண்ணி மட்டும்தான்னு எங்க புத்தகத்துல இருக்கே?" என்றார் ஹெண்ட்ரிகா.

"அதை எழுதினவன் வடக்கத்திக்காரனா இருப்பான்" என்றார் கோசிமோ. காது சிவந்துவிட்டது.

மாவு என் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. வாத்தியாரிடம் அடுத்த பாடம் இல்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருப்பார்! சமையலறைப் பக்கம் ஒருநாளாவது திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கோபம்தான் வரும் என்று நினைத்திருந்தேன். பாவமாக இருந்தது.

ஹெண்ட்ரிகா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். "நீங்க சொல்லுங்க."

வேறு மாவு எடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டேன். பிசைந்து, கயிறாக உருட்டி, துண்டு போட்டு, கத்தியால் இழுத்து, கட்டைவிரலில் காதுபோலக் கவிழ்த்தேன். எனக்குப் பேச்சு வந்தது. நிறையவே வந்தது. கோசிமோவும் மெல்ல வந்து எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு வேலையா இதுல?" என்றார், சின்னக் குரலில்.

"ஓரமா நில்லு, வெளிச்சம் மறைக்குது" என்றேன்.

பிறகு அவரும் கத்தியைப் பிடித்துப் பார்த்தார். வந்தது காது இல்லை, நசுங்கிய பொத்தான்.

புறப்படும்போது ஹெண்ட்ரிகா என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு கோசிமோவின் தோளை அன்போடு தட்டிச் சொன்னார்: "அடுத்த ஞாயிறும் வகுப்புக்கு நாங்க வரோம். நீங்களும் தவறாம வாங்க. போகப் போகப் பழகிடும்."