மூடி திறக்காத ரோஸ்ட்

பிரிக்பீல்ட்ஸ்,
8.11.2025, சனிக்கிழமை, பிற்பகல்.

மதிப்பிற்குரிய திரு. தம்புசாமி, திருமதி புனிதா இருவருக்கும் ஜோஆனின் தகப்பன் ரபேல் வணக்கத்துடன் எழுதுவது. கிள்ளானுக்கு நலமாகத் திரும்பியிருப்பீர்கள் என நம்புகிறேன். 'சம்பந்தி' என்று விளிக்கவே ஆசை. இன்று நண்பகல் நடந்ததற்குப் பின் அந்த உரிமை எனக்கு உண்டா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெண் கேட்டு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தியதன் காரணத்தை இனி மறைப்பதற்கில்லை. தங்கள் வருகை 9ஆம் தேதி ஞாயிறு என்று நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். ஒரு நாள் முந்தி வந்தது தங்கள் பிழை என்று சொல்லமாட்டேன். என்னைப்போல் இரயில்வேயில் பணியாற்றாதவர்களுக்குத் தேதி குழம்புவது இயல்பு. ஆனால் இன்று காலை, என் மகன் ரயன் வாங்கித் தந்த ஸ்லோ குக்கரில், மிளகும் கிராம்பும் தடவி இரண்டு கிலோ மாட்டிறைச்சி ரோஸ்ட் வைத்திருந்தேன். தங்கள் வீட்டில் மாடு ஆகாது என்பதை அறிவேன். அதனால்தான் இன்றே சமைத்து, சாப்பிட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டால் நாளைக்குள் வாசம் போய்விடும் என்று திட்டமிட்டேன். அணைத்து ஒளித்து வைக்கலாமென்றால், வெந்து முடியும்வரை மூடியைத் தொடாதீர்கள் என்று விளக்கக் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். அச்சிட்டதை நான் மீறுவதில்லை.

மனைவி சாந்தமேரியும் ஜோஆனும் கேக் வாங்க செராஸ் போயிருந்த நேரம். கதவை ஒரு சாண் திறந்தால் தாங்கள், தங்கள் துணைவியார், பூத்தட்டு, பழத்தட்டு. "என்னண்ணே, வாசம் ஆளைத் தூக்குது!" என்றீர்கள். "பக்கத்து வீடு லா" என்றேன். அந்நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வள்ளியம்மா தலையை நீட்டி, "எங்க வீட்லயா? நேத்தே கேஸ் முடிஞ்சு போச்சு அங்கிள்!" என்றார். வீட்டில் தண்ணீர் வரவில்லை, உட்கார வைக்க முடியாது என்றேன். உள்ளே சலவை இயந்திரம் கடகடவென்று தண்ணீர் இழுக்கத் தொடங்கியது. வேறு வழியின்றிக் கைப்பேசியைக்கூட எடுக்காமல் கதவைப் பூட்டி, தங்களை வாழையிலை உணவகத்துக்கு அழைத்துப் போனேன். பழத்தட்டை மடியில் வைத்தபடி திருமதி புனிதா, "உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாத வீட்ல எம் பையன் எப்படிங்க மாப்பிள்ளையா போவான்?" என்று கேட்டதற்கு, அவர் இலைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன்.

பிழை என்னுடையது; பிள்ளைகள் மேல் ஏற்றாதீர்கள். தங்கள் மகன் சுகுமாறனையும் ஜோஆனையும் ஆண்டவரும் தங்கள் முருகனும் சேர்ந்தே காக்கட்டும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரபேல்

பி.கு.: மனைவியும் மகளும் செராஸ் நெரிசலில் சிக்கி இப்போதுதான் வந்தார்கள். மேசையைப் பார்த்து, "எங்க அவங்க?" என்றாள் சாந்தமேரி. நடந்ததைச் சொன்னேன். "எந்த மாடு? நீங்கதானே போன்ல சனிக்கிழமை வாங்கன்னு சொன்னீங்க! மாட்டை எடுத்து ஐஸ்பெட்டியில வச்சுட்டு ஆட்டுத்தொடையை வச்சுட்டுப் போறேன்னு காதுல கத்தினேன், நியூஸ் கேட்டுக்கிட்டே 'ம்ம்'னீங்க!" திறக்காதே திறக்காதே என்று நான் கூவக் கூவ மூடியைத் திறந்தாள். ஆடுதான். ஆகவே மேற்கண்ட யாவையும் படிக்காததாகக் கொண்டு, நாளை மதியம் வந்து இதைச் சாப்பிட்டுச் செல்ல வேண்டுகிறேன். நாளை ஞாயிறு, 9ஆம் தேதி. சாந்தமேரியிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.