ஈரலோடு பேசிய சங்கு

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் தூத்துக்குடி துறைமுகச் சாலையில் உப்பு லாரிகள் நகர முடியாமல் நின்றன. விபத்து ஒன்றும் இல்லை. சாலையோரத்துப் பழைய சரக்குக் கிட்டங்கியில் ஈரல்வேல் சுவாமிகள் அருள்பாலித்துக்கொண்டிருந்தார். கொற்கையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். சாகுபுரத்திலிருந்து வேன் பேசி வந்திருந்தார்கள். படித்தவர்கள் மட்டும் சற்றுத் தள்ளி நின்று, சும்மா பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டே டோக்கன் வாங்கினார்கள்.

சுவாமிகளின் பழைய பெயர் செந்தூர்வேல். குலசேகரன்பட்டினத்தில் சிம் கார்டு விற்றவர். ஒரு தசராவுக்குத் தாடியும் ஜடாமுடியும் வைத்து முனிவர் வேஷம் கட்டினார். திருவிழா முடிந்து ஊரே வேஷத்தைக் கலைத்தது; இவர் கலைக்கவில்லை. காலில் விழுந்தவர்கள் எழுந்திருக்க மறுத்தால் அவர்தான் என்ன செய்வார், பாவம்!

நோயாளியின் வலது விலாவில் ஒரு வலம்புரிச் சங்கை வைத்து, அதில் காதைக் கொடுத்துக் கேட்பார். "செல்லுக்குச் செல் பேசுது. ஈரல் அழுவுது" என்பார். எந்தச் சங்கைக் காதில் வைத்தாலும் இரையும் என்பது சங்கு குளிக்கிற ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சாமி காதில் இரைந்தால் அது ஈரல்தான்!

கருப்பட்டிக் கடை மந்திரமூர்த்தி மூன்றாவது தடவையாக வரிசையில் நின்றார். கூட அவர் மனைவி முத்துக்கனி, இன்றுதான் முதல் தடவை வந்திருந்தாள். அவர் மடியில் மாத்திரை அட்டைகள் இருந்தன. இன்று அவற்றைச் சாமியின் டிரம்மில் போட வேண்டும். போட்டதெல்லாம் சாயங்காலம் கடலில் கரைக்கப்படும். அத்தோடு நோயும் கரைந்துவிடுமாம்.

நோய் சாதாரணமானதல்ல. ஆஸ்பத்திரியில் டாக்டர் உமாராணி விளக்கிச் சொல்லியிருந்தாள்: "அண்ணாச்சி, உடம்புல காவலுக்குன்னு செல்லுக இருக்கு. கிருமி வந்தா ஒண்ணுக்கொண்ணு தகவல் அனுப்பி, கூடி வந்து அடிக்கும். ஒங்களுக்குத் தப்பான தகவல் போயிட்டு. சொந்த ஈரலையே கிருமின்னு நெனச்சு அடிக்குது. இந்த மாத்திரை அதுகளை அமத்தி வைக்கும். நீங்களா நிறுத்திராதிய, ஈரலு சுருங்கிரும்."

மாத்திரை வேலை செய்தது. கூடவே முகத்தையும் உப்ப வைத்தது. கடைக்கு வந்தவர்களெல்லாம், "என்ன அண்ணாச்சி, யாவாரம் நல்லா ஓடுதோ? கன்னம் தெரியுதே!" என்று கேட்டுச் சிரித்தார்கள். மந்திரமூர்த்திக்கு அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சுவாமிகள் வாய்த்தார்.

"டாக்டரம்மா சொன்னது நெசந்தான். செல்லு பேசத்தான் செய்யுது. ஆனா மாத்திரை என்ன பண்ணுது? டவரையே சாச்சுப்புடுது! டவர் சாஞ்சா சிக்னல் ஏது? நிறுத்து!" என்றார் சுவாமிகள்.

மந்திரமூர்த்தி மனைவிக்குத் தெரியாமல் நிறுத்தி எட்டு நாளாகிறது. கண் மஞ்சளாகிவிட்டது. விஷம் வெளியேறுகிறது என்றார் சுவாமிகள். மந்திரமூர்த்திக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனால் கண்ணாடியில் கன்னம் கொஞ்சம் வற்றினாற்போல் தெரிந்ததே! இன்று காலை கருப்பட்டிப் பெட்டிக்குள் பிரிக்காத அட்டைகளை முத்துக்கனி பார்த்துவிட்டாள். அவள் சண்டை போடவில்லை. "நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னாள். அதுதான் அவருக்குச் சண்டையைவிடப் பயமாக இருந்தது.

முறை வந்தது. சுவாமிகள் சங்கில் கேட்டார், முகம் சுளித்தார், மந்திரமூர்த்தியின் உள்ளங்கையில் மூலிகைக் காப்பு பூசினார். பிறகு பக்கத்துக் குடத்திலிருந்து தெளிந்த நீரைச் சங்கில் மொண்டு ஊற்றினார். கையிலிருந்து சிவப்புச் சிவப்பாய் வழிந்து வெள்ளைப் பேசினில் விழுந்தது.

"பாத்துக்கோ, கெட்ட சிக்னல் ரத்தமா எறங்குது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மந்திரமூர்த்தி மடியை அவிழ்த்தார்.

முத்துக்கனி அவர் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். பத்து வருஷமாகக் கடையில் கருப்பட்டியோடு மளிகைச் சாமானும் நிறுத்துக் கொடுப்பவளுக்கு அந்த வாசனை தெரியாதா?

"சாமி, எனக்கொரு ஆசை. இவுகளோட இன்னொரு கைக்குக் காப்பு பூசாம, தண்ணியை மட்டும் ஊத்துங்க. கெட்டது உள்ளதான இருக்கு? எப்படியும் எறங்கணும்லா?"

"காப்பு இல்லாம எறங்காது, தாயி."

"சரி. அப்ப அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்குக் காப்பு பூசி ஊத்துங்க. அதுக்குத்தான் ஈரலு கெடையாதே!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சுவாமிகள் சபிக்கக் கை தூக்கினார். தூக்கிய கை இறங்குவதற்குள் முத்துக்கனி காப்பை அள்ளி நாற்காலியில் தேய்த்து, சங்கைப் பிடுங்கி, குடத்து நீரை மொண்டு ஊற்றிவிட்டாள்.

வெள்ளை நாற்காலி ரத்தம் ரத்தமாய் வடித்தது. மிச்ச நீரைப் புருஷனின் பூசாத கையில் கவிழ்த்தாள். நீர் நீராகவே போனது.

"ஏளா, கல்யாண வீட்டுல ஆரத்தி கரைச்சதே இல்லையா நீங்க? மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா என்னாகும்?" என்று பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

அங்கே நின்ற அத்தனை பெண்களும் வாழ்நாளில் நூறு ஆரத்தி கரைத்தவர்கள். தட்டில் சிவந்தால் சுண்ணாம்பு, சாமியார் பேசினில் சிவந்தால் கெட்ட ரத்தம் என்று நம்பியிருந்தார்கள்! ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். சுவாமிகள், "டவர் கிடைக்கலை" என்று முனகியபடி பின்வாசலை நோக்கி நகர்ந்தார். வெளியே சிக்கி நின்ற லாரிக்காரர்கள், வழியை அடைத்தவர் யாரென்று பார்க்க ஆசைப்பட்டு, அங்கேதான் காத்திருந்தார்கள். ஜடாமுடி அவர்கள் கையோடு வந்தது.

கூட்டத்திலிருந்த பிச்சம்மாள் என்ற கிழவி மெல்ல வந்து முத்துக்கனியின் கையைப் பிடித்தாள். "தாயி, நீ பெரிய சத்திக்காரி! இனி எந்தக் கெழமை கை பாப்பே?"

"வீட்டுக்குப் போயி மஞ்சளையும் சுண்ணாம்புத் தண்ணியையும் நீங்களே கலக்கிப் பாருங்க. இதுக்கு எதுக்கு ஒருத்தி?" என்று சீறிவிட்டு, புருஷனை ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள்.

ஆட்டோவில் மந்திரமூர்த்தி மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்பம் இந்த மாத்திரையைத்தான் நம்பணும், என்னளா?"

"நம்பாதிய. டாக்டரம்மா சொல்லுத மாதிரி முழுங்கிட்டு, ரத்தத்தைச் சோதிச்சுப் பாருங்க. நோவு கொறையலைன்னா ஏன்னு அவுககிட்டயே கேளுங்க, பதில் சொல்லுவாக. சோதிச்சுப் பாருன்னு அந்தத் தாடிக்காரன் ஒருநாளாவது சொன்னானா?"