மாத்திரை உள்ளே போன பிறகுதான் டீ

மரக்காணம்
14-5-2006

அன்புள்ள அம்சா அக்காவுக்கு,

தங்கை அருள்மொழி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அவர், மாமா, கௌதம் நான்கு பேரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. மூன்று பேர் நலம். உன் நலமும், நர்ஸ் குவார்ட்டர்ஸில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்பதும் அறிய ஆவல்.

உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகியும் பதில் போடாததற்கு மன்னிக்கவும். போனில் சொல்லலாம் என்றால் போன் கூடத்தில் இருக்கிறது, மாமா போனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். எனக்கு ரத்தம் 7.1 என்பது உனக்குத் தெரியும். ஆறு வாரத்தில் ஒன்பதைத் தொடாவிட்டால் பாண்டிச்சேரியில் அட்மிட் ஆகி ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும், கைக்குழந்தையை வார்டுக்குள் விட மாட்டார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கௌதமுக்குப் பத்து மாதம். புட்டியைக் காட்டினால் கடன்காரனைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். டெஸ்ட் வருகிற செவ்வாய்க்கிழமை. ஏறாவிட்டால் இவனை யாரிடம் விடுவது என்றுதான் ராத்திரியெல்லாம் கணக்குப் போடுகிறேன்.

இரும்புச் சத்து மாத்திரை ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, வெறும் வயிற்றில், எலுமிச்சை ஜூஸோடு, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீயோ பாலோ கூடாது என்று நீ எழுதியிருந்தாய். எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் உப்பளத்தில் இருபத்திரண்டு பேர் விடியற்காலை நாலு மணிக்கே இறங்குகிறார்கள், ஆறு மணிக்கு அவர்களுக்கு டீ கேன் போவது இந்த வீட்டிலிருந்து, போடுவது நான். டீ போடுகிறவள் டீ குடிக்காமல் இருப்பது எப்படி என்று நீ எழுதவில்லை. அஞ்சு மணிக்கு மாத்திரை போடுவேன், ஆறு மணிக்குச் சர்க்கரை சரியா என்று பார்க்க ஒரு வாய் குடிப்பேன், அந்த வாய் அரை டம்ளர் ஆகிவிடும். அவர் என்ன செய்தார் தெரியுமா, உன் கடிதத்தை மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டார். மாமா கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். அப்புறம், "டேய் ராஜவேலு, அப்ப அந்தப் பொண்ணு போடுற மாத்திரைய நம்ம டீதான் முழுங்குதா? இனிமே மாத்திரை உள்ள போயி ரெண்டு மணி நேரம் ஆவாம இந்த வூட்ல டீ கொதிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஆறு மணி டீ ஏழு மணிக்கு. இருபத்திரண்டு பேருக்கும் தலைவலி. வேலம்மாள் என்று ஒரு அம்மா, உப்பு வாருவதில் அவளை மிஞ்ச ஆளில்லை, வாயிலும் இல்லை. தினமும் விடிந்ததும் வரப்பில் நின்றுகொண்டு எங்கள் வீட்டைப் பார்த்து, "ஏம்மா அருளு, உள்ள போச்சா?" என்று கேட்கிறாள். நான் தலையாட்டினால் "போச்சாம்!" என்று பின்னால் திரும்பிச் சொல்கிறாள், கடைசிப் பாத்தி வரை அது போய்ச் சேருகிறது. "நாலு மணிக்கே போட்டுக்கினா என்னா, தலை சுத்துது எனக்கு" என்றாள். பாவமாக இருந்தது, போட்டும் பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் போட்டது சுத்தமாக மறந்துவிட்டது அக்கா. ஆறு மணிக்கு அட்டையை எண்ணினால் ஒன்று குறைகிறது, கௌதம் பக்கத்தில் எதையோ மென்றுகொண்டிருக்கிறான். குழந்தைக்கு இது விஷம், நாலைந்து போனால் உயிருக்கே ஆபத்து என்று நீ அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாயே, நான் போட்ட சத்தத்தில் இருபத்திரண்டு பேரும் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். வேலம்மாள் அவன் வாய்க்குள் விரலை விட்டாள், அவன் புது இரண்டு பல்லாலும் கடித்தான், வெளியே வந்தது அவருடைய சட்டைப் பட்டன். அவர் நிதானமாக, "நாலு மணிக்கு லைட்டப் போட்டு நீதான முழுங்குன" என்கிறார். முன்னாடியே சொல்லியிருக்கலாம். நல்லவேளை, சந்தேகம் வந்தால் இன்னொன்று போடாதே என்று நீ எழுதியிருந்தாய், போடவில்லை. இப்போது மாத்திரை டப்பா உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது. குழந்தைக்கு எட்டாது, அவருக்கு நெற்றியில் இடிக்கும்.

இனி எழுதுவதை நீ தனியாக இருக்கும்போது படி. வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று நீ எழுதியது இரண்டாம் பக்கத்தில். அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். விஷயம் தெரிந்ததும் என்னைப் பைக்கில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோனார். "கறுப்பா போவுதா? மாத்திரைதான், அது சாதாரணம்" என்றார் டாக்டர். இவர் வந்து மாமாவிடம், "நல்லதாம்ப்பா" என்றார். மாமா, இத்தனை பேர் டீயைத் தியாகம் பண்ணுகிறார்கள், அவர்களுக்கும் ஒரு சேதி தெரிய வேண்டாமா என்று அளத்தில் போய் அறிவித்துவிட்டார். மலச்சிக்கல் வந்தபோதும் அப்படித்தான். மறுநாள் வாசலில் மூன்று சீப்பு வாழைப்பழமும், ஒரு கட்டுக் கீரையும், பெயர் சொல்லாதவர் வைத்த ஒரு பப்பாளியும் இருந்தன. பி.எஸ்ஸி. படித்தவள் நான், எப்படி வெளியே முகம் காட்டுவேன் சொல்.

ஆகவே அக்கா, தயவுசெய்து ஒரு மாதம் லீவு போட்டு வந்து என்னையும் குழந்தையையும் மெட்ராஸுக்குக் கூட்டிப்போ. டெஸ்ட்டில் ஏறவில்லை என்றாலும் உன் ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளலாம். அங்கே என் வயிற்று விஷயம் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். பெருமுக்கல் மலையில் இருக்கிற சாமி உங்கள் எல்லோரையும் நோய்நொடி இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் பிரியமுள்ள தங்கை,
அருள்மொழி

பின்குறிப்பு: தபால்தலை இல்லாமல் கடிதம் நான்கு நாள் அலமாரியில் கிடந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை டெஸ்ட் எடுத்தேன். 9.3. பாண்டிச்சேரி வேண்டாம், ஆனால் ஏறிவிட்டது என்று நிறுத்தாமல் இன்னும் மூன்று மாதம் போட வேண்டும் என்றார் டாக்டர். குழந்தையை வைத்துக்கொள்ள வேலம்மாள் கூட வந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தவள் ரத்தம் எடுக்கிற பையனிடம், "வந்ததே வந்தேன், எனக்கும் குத்திப் பாரு தம்பி" என்று விரலை நீட்டினாள். 6.4. டீ இல்லாமல்தான் தலை சுற்றுகிறது என்று இத்தனை நாளும் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மறுநாள் மாமா அளத்துப் பெண்கள் ஒன்பது பேரையும் டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், ஏழு பேருக்கு ரத்தம் குறைவு. என் மாத்திரையில் பங்கு கேட்டார்கள், கொடுக்கவில்லை. ஆளாளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான். சீக்கிரம் ஏறட்டும் என்று ரெண்டாகப் போடப் பார்த்தவளைத் திட்டியும் விட்டேன். இன்று அஞ்சு மணிக்கு எலுமிச்சை ஜூஸ் குடத்தோடு வரப்பில் நின்றேன். ஆண்கள் அந்தப் பக்கத்திலிருந்து "உள்ள போச்சா?" என்று கத்துகிறார்கள். வேலம்மாள் மாத்திரையை முழுங்கிவிட்டு, "மெட்ராஸ் போறியாமே?" என்றாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. "நீ போயிட்டா டீ பழையபடி ஆறு மணிக்கு வந்துடும்மா. வந்தா மாத்திரை போட்ட கையோட நாங்க குடிச்சிடுவோம்" என்றாள்.

லீவு போட்டிருந்தால் கேன்சல் செய்துவிடு அக்கா.