பெயின்ற் கம்பனிக்கு நான் போட்ட மனு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் மனு எழுதுவதில் இந்த மன்னார்க் கரையில் என்னை வெல்ல இன்றைக்கும் ஆளில்லை. (பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அப்படி.) தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய எங்களுக்குக் கூரைத் தகடு, கிணறு, வலை எல்லாம் கொண்டுவந்தவை என் மனுக்கள்தான். அந்தத் திறமைதான் ஒருநாள் என் மானத்தையும் வாங்கியது.

வள்ளங்களுக்கு வர்ணம் பூசித்தான் நான் தலையெடுத்தேன். நான் பூசுவதை மகள் ஜெனிற்றா கைபேசியில் படம் பிடித்து யூரியூப்பில் போடுவாள். காயாத நீலத்தில் மேகம் மிதந்து போகும். எது கடல், எது வள்ளம் என்று சில வேளை எனக்கே பிடிபடாது. மத்தியானங்களில் பெயின்ற் மணத்தில் கண் சொருக, வள்ளத்தின் நிழலில் கனவு கண்டபடி கிடப்பேன். கொழும்புப் பெயின்ற் கம்பனி ஒன்று என்னோடு ஒப்பந்தம் போடும். தீவின் கரை முழுக்க என் நிறத்தில் வள்ளங்கள் அசையும். என் முகத்தோடு கம்பனியின் பெயர் கடல் கடந்து போகும்...

"கம்பனி தானாத் தேடி வராது, அப்பா. நாங்கள்தான் ஈமெயில் போட்டுக் கேக்கோணும்," என்றாள் ஜெனிற்றா. எழுதியும் வைத்தாள். ஆறே வரி. நாங்கள் யார், எங்களை யார் பார்க்கிறார்கள், உங்கள் பெயின்ற்றை வைத்து என்ன வீடியோ செய்து தருவோம். அவ்வளவுதான்.

"இதென்ன பிள்ளை, எங்கட கஷ்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை?"

"இது நிவாரணம் இல்லை அப்பா, வியாபாரம். எங்களால அவைக்கு என்ன லாபம் எண்டு சொன்னால் காணும்."

(ஆறு வரிக்கு ஆர் பதில் போடுவான்?) அவள் பூசைக்குப் போன நேரம் நான் கைபேசிக்கு வாயால் சொன்னேன், அது எழுதிக்கொண்டே போனது. இடம்பெயர்ந்தது, கடல் கடந்தது, முகாமில் கிடந்தது... சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கியது. இடிந்த பழைய வீட்டின் படத்தையும், குடும்ப அட்டையையும், கிராம அலுவலரின் பழைய கடிதத்தையும் சேர்த்தேன். மனு என்றால் நாலு இடத்துக்குப் பிரதி போகவேண்டும். ஆகவே மற்ற மூன்று பெயின்ற் கம்பனிகளுக்கும் பிரதி அனுப்பினேன்.

நாலாம் நாள் கொழும்புக் கம்பனியிலிருந்து தொலைபேசி வந்தது. "ஐயா, நாளைக்கு நேரில வாறம்."

ஒப்பந்தம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டியில் நின்றேன். ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். தூரத்துக் கானலில் லொறி கப்பல் போல மிதந்து வந்தது. அதிலிருந்து அரிசி இறங்கியது. பருப்பு, தறப்பாள், வாளி இறங்கின. ஒரு ரின் பெயின்ற் இல்லை.

அதிகாரிப் பெண் என் மாடி வீட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"வீடில்லாத ஐயா எங்க?"

"நான்தான் பிள்ளை. நான் கேட்டது ஒப்பந்தம்."

"உங்கட கடிதத்தை வாசிச்சு விளம்பரப் பகுதியில எல்லாரும் அழுதிட்டினம் ஐயா. அதுதான் எங்கட சமூகசேவைப் பகுதிக்கு அனுப்பினவை. மற்றக் கம்பனியள் முந்திப்போடும் எண்டு மனேச்சர் உடன போகச் சொன்னவர்."

"அண்ணை, ஒப்பந்தத்தில பருப்பும் இருக்கோ?" பக்கத்து வீட்டு மரியான் கேட்டான். கூட்டம் குலுங்கியது.

"வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அப்பா," என்று ஜெனிற்றா காதுக்குள் கெஞ்சினாள். ஆனால் லொறியைத் திருப்பி அனுப்பினால், என்னை நம்பிக் கம்பனி வந்தது என்ற பேரும் அல்லவா போய்விடும்? நின்றேன். சாமான் வாங்குவதைப் படம் எடுக்கவேண்டுமாம்; அந்தப் படத்துக்கு என் வீடு மிஞ்சிய அழகாம். மனைவியின் ஆட்டுக் கொட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"ஐயா, கொஞ்சம் சிரிக்காமல் நில்லுங்கோ."

(சிரிக்கிற நிலையிலா நான் இருந்தேன்?) வாளிக்குக் கை நீட்டினேன். பின்னால் ஆடு வேட்டியைத் தின்றது.

சாமான்களை அன்றைக்கே, அப்போதுதான் இந்தியாவிலிருந்து திரும்பித் தகரக் கொட்டிலில் இருந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். அதைப் படம் பிடிக்க ஒருவரும் வரவில்லை.

மார்கழியில் தபாலில் கம்பனிக் கலண்டர் வந்தது. பெப்ரவரி மாதம் நான். நீட்டிய கை, வாளி, ஆடு. கீழே பெரிய எழுத்தில் கம்பனியின் பெயர். மனைவி அதை விறாந்தையில் மாட்டினாள். நான் அடுத்த மாதத்துக்குத் திருப்பினால், அவள் திரும்பவும் பழையபடி வைப்பாள்.

"வடிவா நிக்கிறியள். இருக்கட்டுமன்."

வருஷங்கள் ஓடிவிட்டன. கச்சான் காற்று வருகிறது, போகிறது. பேரப்பிள்ளைகள் பிறந்து, நடந்து, அந்த ஆட்டைத் தொட்டுத் தொட்டு என் பெயரைச் சொல்லப் பழகிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் மாதங்கள் மாறுகின்றன. எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் பெப்ரவரிதான்.