கடைமடை மாவட்டத்துச் சாய்தளம்

ஒரு காட்டில் நாற்பது மாவட்டங்கள் இருந்தன. மாவட்டத்துக்கு ஒருவர் என்று நாற்பது பேர் சட்டசபைக்குப் போவார்கள். போனவர்கள் ஐந்து வருஷம் கழித்துத்தான் திரும்பி வருவார்கள், அதுவும் கும்பிட்டபடி. நாற்பதாவது மாவட்டத்தின் பெயர் கடைமடை. எது வந்தாலும் அங்கே கடைசியில்தான் வரும். பெரும்பாலும் வராது.

கடைமடையில் ஓர் ஏரி உண்டு. ஏரி என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அதன் கரை பத்து வருஷத்துக்கு முன்னால் உடைந்து, அறுபதடி அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை பெய்யும், தண்ணீர் வரும், வந்த வேகத்தில் உடைப்பு வழியாகப் போய்விடும். கோடையில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் அடுத்த மாவட்டத்து ஆற்றுக்குப் போக வேண்டும். ஆற்றில் முதலை இருந்தது. போன கோடையில் கிளம்பிய பதினொரு பேரில் எட்டுப் பேர்தான் திரும்பினார்கள். திரும்பாத மூவரில் ஒருத்தி முள்ளம்பன்றி அங்கம்மாவின் தங்கை.

அங்கம்மா சந்தையில் கிழங்கு விற்பவள். பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. ஆனால் அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் காட்டில் கிடையாது. பேச்சு நடுவே கோபம் வந்துவிடும், கோபம் வந்தால் முதுகு முள் மொத்தமும் எழுந்து நிற்கும், எதிரில் நிற்பவர் அவள் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்த வருஷம் புரட்டாசியில் தேர்தல் அறிவித்தார்கள். மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அதற்குள் கரை அடைபட வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் முதலை. அங்கம்மாவுக்கு வேறு எந்த அரசியலும் தெரியாது.

முதலில் ஓட்டுக் கேட்டு வந்தது உடும்பு. இரண்டு முறை ஜெயித்த உறுப்பினர்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?"

"கரையை அடைச்சிட்டுக் கேளு, சொல்றேன்."

உடும்பு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டது. "செஞ்சிருப்பேன்க்கா. இப்பத் தேர்தல் நடத்தை விதி வந்துடுச்சே. புதுசா ஒரு கூடை மண்ணு அள்ளுனாலும் என் கதை முடிஞ்சுது."

"போன மாசம் விதி இல்லையே?"

"போன மாசம் தேர்தலும் இல்லையேக்கா."

சொல்லிவிட்டு அடுத்த புதருக்குக் கும்பிடு போடப் போய்விட்டது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தேர்தல் இல்லாதபோது செய்யத் தேவையில்லை, தேர்தல் வந்துவிட்டால் செய்யக் கூடாது. இப்படி ஒரு சரக்கைச் சந்தையில் விரித்தால் விரித்தவனைக் கூடையோடு தூக்கி வீசுவார்கள்.

எதிர்த்து நின்ற மரநாயும் வந்தது. ஜெயித்ததும் முதல் கையெழுத்து உங்கள் கரைக்குத்தான் என்றது. வரும் வழியில் முப்பது ஊரில் அதே முதல் கையெழுத்தைக் கொடுத்துவிட்டு வந்திருந்தது.

அங்கம்மா ஊரைக் கூட்டினாள். "ஒருத்தரும் ஓட்டுப் போடக் கூடாது. தேர்தல் புறக்கணிப்பு."

புறக்கணிப்பு என்றால் கறுப்புக் கொடி கட்ட வேண்டும். துணிக்கு எங்கே போவது? இருபது காக்கைகளைப் பேசிப் பிடித்து, ஊர் எல்லை வேப்பமரத்தில் வரிசையாக உட்கார வைத்தாள். காற்றடிக்கும்போது கொஞ்சம் ஆடச் சொன்னாள். படம் எடுத்தவர்கள் எடுத்தார்கள், போட்டவர்கள் போட்டார்கள், மறுநாள் காலையில் தாசில்தார் கொக்கு வந்து ஒற்றைக்காலில் நின்றது. பத்து வருஷமாக மனுக் கொடுத்தபோது வராத கொக்கு.

"அம்மா, புறக்கணிப்பை வாபஸ் வாங்குங்க. மேலிடத்துல என்னைப் பிச்சு எடுக்கறாங்க."

"கரையை அடைங்க."

"விதி இடம் கொடுக்காது. வாக்குச்சாவடிக்குன்னா மட்டும் செய்யலாம். பந்தல், குடிதண்ணி, முடியாதவங்க ஏறி வர சாய்தளம், இந்த மாதிரி."

அங்கம்மாவின் முள் படக்கென்று படுத்தது. பேரத்தில் எதிராளி வாய்தவறி உண்மை விலையைச் சொல்லிவிட்டால் அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

"சாவடி எங்க இருக்கு?"

"வழக்கம்போல, கரைக் கோடியில பழைய பம்பு அறையில."

"போற வழி?"

"கரை மேலதான்." கொக்கு சொல்லிவிட்டு நிறுத்தியது. கரை நடுவே அறுபதடி பள்ளம் இருந்தது. இத்தனை வருஷமாக ஊரே பள்ளத்தில் இறங்கி ஏறித்தான் ஓட்டுப் போட்டது.

"எங்க ஊர்ல நூத்திப் பத்து வயசு ஆமை ஒருத்தர் இருக்கார். அவர் எப்படி இறங்கி ஏறுவார்? சாய்தளம் போடுங்க. அறுபதடிக்கு."

கொக்கு அசரவில்லை. "வயசானவங்ககிட்ட வீட்டுக்கே போய் ஓட்டு வாங்கறோம்."

பக்கத்தில் படுத்திருந்த ஆமை தலையை நீட்டியது. "சார், என் வீடு என் முதுகுல இருக்கு. நான் எங்க நிக்கறேனோ அதான் வீடு. அன்னைக்கு நான் சாவடி வாசல்லதான் நிப்பேன்."

கொக்கு காலை மாற்றி நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டது.

காட்டுப்பன்றிகள் வந்தன. பத்து வருஷம் நகராத வேலை மூன்றே நாளில் முடிந்தது. உடைப்பு இருந்த இடம் தெரியாமல் மண் மேடு, அதன்மேல் வழவழப்பாக ஒரு பாதை. ஊரே போய் நடந்து பார்த்தது. காக்கைகள் மரத்திலிருந்து இறங்கின.

அங்கம்மாதான் உத்தரவுக் காகிதத்தை அணிலிடம் கொடுத்துக் கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொன்னாள். அணில் படித்தது: "இது தற்காலிகச் சாய்தளம். வாக்குப்பதிவு முடிந்த இரண்டாம் நாள் அகற்றப்பட வேண்டும்."

வாக்குப்பதிவு புரட்டாசி இருபத்தைந்தாம் தேதி. மழை அதற்கு அப்புறம்தான். அங்கம்மா நேராகத் தாலுகா ஆபீசுக்கு நடந்தாள். கொக்கு கோப்புக்குள் மூக்கை விட்டிருந்தது.

"இது என்ன வேலை சார்? போட்டதைப் பிடுங்குவீங்களா?"

"தேர்தலுக்குப் போட்டது தேர்தலோட போயிடும்மா. மறு வாக்குப்பதிவு மாதிரி ஏதாவது வந்தாத்தான் சாவடியைத் தொடாம வச்சிருப்போம். அதெல்லாம் நம்ம பக்கம் நடக்காது."

அங்கம்மா திரும்பி வந்தாள். அணில் சுயேச்சையாக நின்றிருந்தது. அதன் பூத் ஏஜெண்டாக அன்றைக்கே தன் பெயரைப் பதிந்துகொண்டாள்.

தேர்தல் நாள். சாவடிக்குத் தலைமை அதிகாரி பள்ளிக்கூட வாத்தியார் ஆந்தை. பகல் வேலை வேண்டாம் என்று மூன்று மனுப் போட்டிருந்தது, ஒன்றையும் யாரும் பிரிக்கவில்லை. ஓட்டுப் பதிவு தொடங்கும் முன் விடியற்காலையில் இயந்திரத்தைச் சோதிக்க ஐம்பது மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். காட்டிவிட்டு அந்த ஐம்பதையும் அழிக்க வேண்டும். அதன் பிறகுதான் சீல் வைத்து நிஜ ஓட்டு. ஆந்தைக்கு அது தூங்கும் நேரம்.

ஐம்பதாவது மாதிரி ஓட்டு விழுந்தது. ஆந்தை அழிக்கும் பொத்தானை நோக்கி இறக்கையைக் கொண்டுபோனது.

"வாத்தியார், ஒரு சந்தேகம்," என்றாள் அங்கம்மா. "ஆமை அடையாள அட்டையில தலை உள்ள இருக்கற மாதிரி படம் எடுத்துட்டாங்க. ஓடு மட்டும்தான் தெரியுது. ஓட்டுப் போட வரும்போது தலையை உள்ள வச்சுக்கணுமா, வெளிய வச்சுக்கணுமா?"

"வெளியேதான்."

"வெளிய வச்சா படத்துல இருக்கறவர் இல்லேன்னு ஆயிடுமே."

"அப்ப உள்ளே."

"உள்ள வச்சா யாருன்னு எப்படித் தெரியும்? எல்லா ஆமையும் ஓடுதானே?"

உடும்பின் ஏஜெண்ட் ஓணான் வெளியே என்றது. மரநாயின் ஏஜெண்ட் உள்ளே என்றது. அரை மணி நேரம் ஆயிற்று. ஆந்தை விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டி, "பாதி உள்ளே, பாதி வெளியே," என்று தீர்ப்புச் சொல்லி, மணியைப் பார்த்துப் பதறி, சீலை வைத்துவிட்டு, கதவைத் திற என்றது.

சாயங்காலம் பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இயந்திரத்தில் இருநூற்று அறுபத்திரண்டு ஓட்டு.

மறுநாள் மற்ற சாவடிகளையெல்லாம் எண்ணியபோது உடும்புக்கும் மரநாய்க்கும் இருபது ஓட்டுத்தான் வித்தியாசம். பம்பு அறை இல்லாமல் முடிவு சொல்ல முடியாது. ஐப்பசி கடைசியில் மறு வாக்குப்பதிவு என்று உத்தரவு வந்தது. சாவடியையும் அதன் வசதிகளையும் ஒரு கல் நகராமல் வைத்திருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

கொக்கு காகிதத்தைக் கொடுத்துவிட்டு அங்கம்மாவை உற்றுப் பார்த்தது. "இது உன் வேலைதானே?"

"நான் ஆமைக்கு நியாயம் கேட்டேன் சார்."

மழை பெய்தது. தண்ணீர் வந்தது. போகப் பார்த்தது, போக வழியில்லை. பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஏரி தளும்பியது. அங்கம்மா கரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடும்பு மறுபடியும் வந்தது. இந்த முறை கும்பிடு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"அக்கா, இந்தத் தடவை ஒழுங்கா முடிச்சுக் கொடுங்க. ஜெயிச்சதும் கரையைக் கல்லுல கட்டித் தரேன்."

"கட்டிட்டு ஜெயி."

"ஜெயிக்காம எப்படிக்கா கட்டறது?"

"பத்து வருஷம் ஜெயிச்சவனாத்தானே இருந்தே. அப்பக் கட்டினியா?"

உடும்பு வாலைச் சுருட்டிக்கொண்டு போனது. ஆனால் மேலிடத்துப் பார்வையாளர் கழுகு வந்து, சாய்தளம் மழையில் வழுக்குகிறது, வாக்காளர் விழுந்தால் யார் பொறுப்பு என்று கொக்கைக் காய்ச்சி எடுத்தது. ஒரே வாரத்தில் கரைக்குக் கல் பதித்தார்கள்.

மறு வாக்குப்பதிவுக்கும் ஆந்தைதான் வந்தது. வேறு யாரும் கடைமடைக்கு வரச் சம்மதிக்கவில்லை. இந்த முறை அங்கம்மா வாயைத் திறக்கவில்லை. ஐம்பதாவது மாதிரி ஓட்டு விழுந்ததும், அவளுக்குப் பதிலாக அணிலின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த ஆமை மெதுவாகக் கேட்டது: "வாத்தியார், பாதின்னு சொன்னீங்களே, எந்தப் பாதி?"

மறுபடியும் ஐம்பது ஓட்டு அதிகம். மறுபடியும் தேதி. அதற்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டார்கள். அதற்கடுத்த முறை விளக்குக் கம்பம் வந்தது. ஆந்தையை மாற்ற ஒரு கமிட்டி போட்டார்கள், கமிட்டி இன்னும் உட்காரவில்லை. சட்டசபையில் முப்பத்தொன்பது பேர் உட்கார்ந்தார்கள், நாற்பதாவது நாற்காலிக்கு உறை போட்டு வைத்தார்கள். உடும்பும் மரநாயும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வயதாகிக்கொண்டிருந்தன. கடைமடையிலிருந்து ஆற்றுக்கு ஒருவரும் போகவில்லை.

சித்திரை வந்தது. முப்பத்தொன்பது மாவட்டத்திலும் குளம் குட்டையெல்லாம் காய்ந்தது. ஒரு நாள் காலையில் கடைமடை ஏரிக்கரையில் தூசி கிளம்பியது. வந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, முப்பத்தொன்பது உறுப்பினர்கள், குடும்பத்தோடு. எல்லாருக்கும் முன்னால் நீர்வளத்துறை அமைச்சர் காட்டெருமை, நாக்கு வெளியே தொங்க.

அங்கம்மா கரைமேல் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை குடித்தவர் மறுபடியும் வரிசையில் புகுந்துவிடாமல் இருக்கச் சாவடியில் மிச்சமிருந்த மையை எடுத்துக் குளம்பிலும் நகத்திலும் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

காட்டெருமை வரிசையைத் தாண்டி வந்தது. "நான் யார்னு தெரியுமா?"

"தெரியுமே. ஜெயிச்சவங்க," என்றாள் அங்கம்மா. "எங்க ஊர்ல அந்த மாதிரி யாரும் கிடையாதுங்க. போய்க் கடைசியில நில்லுங்க."

நீதி: நல்ல உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை. அந்தக் கடமையை எத்தனை நாள் முடிக்காமல் இழுக்கிறோமோ, அத்தனை நாள் ஊரில் வேலை நடக்கும்.