மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று ஓயாத மணி

தப்பைத் திருத்துவதைவிட, தப்பைச் சொல்கிறவரின் வாயை அடைப்பது சுலபம். இளம் வயதில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். மனிதர்களிடம் காட்டியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். நான் கம்ப்யூட்டரிடம் காட்டினேன். அதுவும் உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா என்னை மாப்பிள்ளை பார்க்க வந்த நாளில்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒக்கலிபுரத்தில் ஒரு கன்னடக்காரரின் சின்னப் பட்டறையில் எனக்கு வேலை. ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் நம்பர் காட்டும் பலகை செய்வோம். பட்டனைத் தட்டினால் அடுத்த நம்பர் எரியும், மணி கொஞ்சம் அடித்து ஓயும். பலகையை நடத்துவது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்கு அசெம்பிளி மொழியில் புரோகிராம் எழுதுவது நான். (பி.யூ.சி. கணக்கில் தேறாதவனை நம்பிய முதலாளியின் தைரியம் எனக்கு இன்றும் வராது.)

புரோகிராம் இரண்டு ஃபைல்களில் இருந்தது. நம்பர் காட்டுவது ஒன்றில், மணியை நிறுத்துவது இன்னொன்றில். இரண்டையும் சேர்த்துக் கட்டித் தருவது லிங்கர் என்ற வேறொரு புரோகிராம். அன்று காலை அது கட்ட மறுத்தது. மணியை நிறுத்தச் சொல்லி நீ கூப்பிடும் பெயரை எங்கேயும் காணோம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்! இரண்டாவது ஃபைலைத் திறந்தால் அந்தப் பெயர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. லிங்கருக்குக் கண் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன்.

உண்மை வேறு. ஒரு ஃபைலில் இருப்பது இன்னொரு ஃபைலுக்குத் தெரிய வேண்டுமானால், ‘இது பொது’ என்று அது இருக்கும் ஃபைலில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். வீட்டில் ஆள் இருந்தும் ரேஷன் கார்டில் பெயர் இல்லாவிட்டால் கடைக்காரர் சர்க்கரை போடுவாரா? அதே கதைதான்.

அதைத் தேட எனக்குப் பொறுமை இல்லை. பையன் சொல்லும் வேலை நிஜம்தானா என்று பெண் வீட்டார் நேரில் வந்து பார்ப்பது நம்மில் வழக்கம் இல்லையா? எந்த நிமிடமும் வந்துவிடுவார்கள். அதனால் முதல் ஃபைலிலேயே அதே பெயரில் ஒரு பகுதியை எழுதினேன். உள்ளே மணியை நிறுத்தும் சரக்கு ஒன்றும் கிடையாது. ‘வந்த வழியே திரும்பிப் போ’ என்று ஒரே ஒரு கட்டளை. கேட்ட பெயர் கிடைத்ததும் லிங்கர் கப்சிப். ஓட்டிப் பார்த்திருக்கலாம். நான் புதுச்சட்டை மாற்றப் போய்விட்டேன்.

ஆஸ்டின் டவுனிலிருந்து தாத்தா வந்தார். மில்லில் ஃபிட்டர். தோளில் துண்டு.

“டைப் அடிக்கற வேலையா தம்பி?”

“இல்லீங்க சார், புரோகிராம். ஒரு எரர்கூட இல்ல, பாருங்க.”

தட்டினேன். நம்பர் எரிந்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“நில்ஸப்பா, நில்ஸு!” என்று நிறுத்தச் சொல்லி முதலாளி கன்னடத்தில் கத்தினார். கையில் அகப்பட்ட பட்டனையெல்லாம் தட்டினேன். நம்பர் ஏறியதே தவிர மணி ஓயவில்லை. பக்கத்துக் கடை டெய்லர் கழுத்தில் டேப்போடு ஓடிவந்து, “எங்கப்பா தீ?” என்றார். தாத்தா ஸ்டூலைப் போட்டு ஏறி, மணிக்குள் துண்டைத் திணித்தார். அது ‘டொப் டொப்’ என்று இருமியது. கடைசியில் முதலாளி பிளக்கைப் பிடுங்கினார். (அந்த யோசனை எனக்கு வரவே இல்லை.)

ஸ்டூலில் நின்றபடியே தாத்தா கேட்டார்: “காலைல நல்லாத்தான் இருந்துச்சா?”

கம்ப்யூட்டர் மேல் பழி போட்டிருக்கலாம். வாய் வரவில்லை. “இல்லீங்க சார். தப்பு இருக்குன்னு சொல்லிச்சு. நான்தான் சும்மா ஒண்ண வெச்சு வாயடைச்சுட்டேன்.”

“யாரு வாய?”

“லிங்கரு வாய, சார்.”

இறங்கினார். துண்டை உதறி மடித்தார். “எம் பொண்ணும் தப்புன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்றவதான். அவளுக்கும் சும்மா ஒண்ண வெச்சு வாயடைப்பியா?”

முதலாளி சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த அந்தப் பெண் கைநழுவிப் போவது தெரிந்தது.

“தெரியல சார். இத மட்டும் சரி பண்ணிக் காட்டட்டுமா?”

உட்கார்ந்தார். பிளக்கை மறுபடி மாட்டி, அந்த வெற்றுப் பகுதியை அழித்தேன். பழைய எரர் அப்படியே திரும்பி வந்தது. இந்த முறை அதை நிதானமாகப் படித்தேன். இரண்டாவது ஃபைலில் விட்டுப்போன வரியை எழுதினேன். லிங்கர் பேசாமல் கட்டிக்கொடுத்தது. அதன் மௌனத்தை நம்பாமல் பட்டனைத் தட்டினேன். மணி அடித்து ஓய்ந்தது. தாத்தாவும் ஒரு முறை தட்டிப் பார்த்தார். “வரேம்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அவர் சொன்னதை உங்கள் அம்மா பின்னால் சொன்னாள்: “பையன் கெட்டவன் இல்லம்மா. ஆனா நீ ஒண்ணு சொன்னா ‘சரி’ன்னுட்டு சும்மா இருப்பான். தட்டிப் பாத்துக்கணும்.” மற்ற வரன்களிடம் குறையைத் தேட வேண்டும், இவரிடம் அது முதலிலேயே தெரிந்துவிட்டது, அந்த வேலை மிச்சம் என்று அவள் சம்மதித்தாளாம்.

அதனால்தான் இந்த வீட்டில் என் ‘சரி’க்கு மதிப்பில்லை. குழாய் சொட்டுகிறது என்பாள் அம்மா. சரி என்பேன். “சரியெல்லாம் வேணாம், எழுந்திரிங்க” என்பாள். இப்போது நீங்களும் அதையே சொல்கிறீர்கள். நானும் எழுந்துதான் போகிறேன்.