மாமனார் மரத்துக்கு மூன்று நாள் குளிர்காலம்

மாமனாரிடம் பொய் சொல்லாத மாப்பிள்ளை உலகத்தில் கிடையாது. ஆனால் ஒரு வாரம், தினமும் மாலை ஆறு மணிக்கு, வீடியோவில், செடியை வைத்துப் பொய் சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கல்யாணமான முதல் வருஷம். மட்டாஞ்சேரியில் மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்தோம். மிளகு வியாபாரத்தை விட்டு ஓய்ந்திருந்த அவர், இடப்பள்ளியில் ஒரு நர்சரியிலிருந்து குட்டை மேப்பிள் மரம் வாங்கி வந்து வளர்த்தார். முழங்கால் உயரம், விரல் விரித்த கை மாதிரி இலை, சிவப்புக் காம்பு. கொச்சி வெக்கையில் இதற்கு முன் மூன்று மேப்பிள்கள் காலமாகிவிட்டதால் நாலாவதுக்கு ஏசி அறை. (எங்களுக்கு மின்விசிறி.) மாமியார்கூட அதைத் தொடக் கூடாது.

கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு மாமனாரும் மாமியாரும் ஒரு வாரத்துக்குக் கிளம்பியபோது அந்த அறைச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"காலையில ஒரு கிளாஸ் வெள்ளம் விட்டா மதி, மாப்பிள்ளை. வெயிலு மட்டும் பட வேண்டா. உங்களை நம்பிப் போறேன், கேட்டீங்களா?"

(அவருக்கு வெள்ளம் என்றால் தண்ணீர், மதி என்றால் போதும்.) எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. அதுவரை அந்த வீட்டில் என்னை நம்பி யாரும் பால் வாங்கக்கூட அனுப்பியதில்லை.

மறுநாளே ஏசி படுத்துவிட்டது. இலை ஓரமெல்லாம் கருகியது. போனில் தேடினேன். குளிர்தேசத்து மரம், குளிர்காலம் அவசியம் என்று போட்டிருந்தது. கொச்சியில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? ஸ்கூட்டரில் தொட்டியை வைத்துக்கொண்டு தோப்பும்படியில் ஐஸ் பிளான்ட் நடத்தும் ஜோஷி சேட்டனிடம் போனேன்.

"இதென்னா, மீனா மரமா?"

"மரம்தான் சேட்டா. மூணு நாள் உள்ள இருக்கட்டும்."

"மத்திப் பெட்டி பக்கத்துல எடம் உண்டு, வெச்சோ."

அன்று மாலை மாமனார் வீடியோவில் வந்தார். "மரத்தைக் காட்டுங்க."

"இதோ மாமா" என்று கொல்லைக்கு ஓடினேன். வேலியோரக் கப்பையில் (நம் மரவள்ளிதான்) ஒரு கொப்பை ஒடித்து, மறைந்த மூன்றாவது மேப்பிளின் தொட்டியில் குத்தினேன். அதே விரித்த கை, அதே சிவப்புக் காம்பு. என் மனைவி சாந்தி விளக்கை அணைத்துவிட்டுப் போனைப் பிடித்தாள். அடக்கிய சிரிப்பில் அவள் கை ஆடியது.

"அங்க என்ன, பூகம்பமா?" என்றார் மாமனார்.

ஒடித்த கொப்பு ஒரு நாள்தான் தாங்கும். ஆகவே தினம் ஒரு புதுக் கொப்பு. "நேத்து அஞ்சு இலை, இன்னைக்கு எட்டு! மாப்பிள்ளைக்குக் கைராசி!" என்று கல்யாண வீட்டில் எல்லாரிடமும் போனை நீட்டினார்.

நாலாம் நாள் மேப்பிள் திரும்பி வந்தது. ஒரு இலைகூட இல்லை. மத்தி வாடை மட்டும் தாராளமாக இருந்தது. சாம்பிராணி போட்டுப் பார்த்தேன். இரண்டு வாடையும் சேர்ந்து வந்தது. வேறு வழியில்லாமல் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கப்பையையே தொடர்ந்தேன்.

ஊரிலிருந்து வந்த மாமனார் செருப்பைக் கழற்றியதும் நேராக ஏசி அறைக்குப் போனார். கொப்பைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது.

"வேரெங்க, மாப்பிள்ளை?"

கட்டிலடியிலிருந்து மொட்டை மரத்தை இழுத்து வைத்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நம்பிக் கொடுத்ததைக் கெடுத்துவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. அவர் மரத்தை முகர்ந்தார். கையிலிருந்த கொப்பைப் பார்த்தார்.

"கப்பை இங்க, மீன் அங்க. முளகுச் சட்னி மட்டும் அரைச்சா சாப்பாடு ஆச்சே!" என்று அவர் சிரித்த சிரிப்பில் மாமியார் அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்.

ஒன்றரை மாதத்தில் அந்த மொட்டை மரம் நெல்லளவு சிவப்புத் தளிர்களை விட்டது. எல்லாம் என் குளிர்காலத்தின் புண்ணியம் என்று இன்றும் வாதாடுகிறேன். ஒருவரும் ஏற்பதில்லை.

போன வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் குழந்தையைக் காட்டினேன். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"வேரைக் காட்டுங்க, மாப்பிள்ளை."